விழத் தெரிந்த வண்டி

பிரிஜாவிடம் மோட்டார் சைக்கிள் பழக வந்த ஆறு பெண்களும் சேர்ந்து முதல் மூன்று வாரத்தில் அந்த வண்டியை நாற்பத்தொரு தடவை கீழே போட்டார்கள். ஒருத்திகூட வேகமாகப் போய் விழவில்லை. ஓடுகிற வண்டி தானே நிமிர்ந்துகொள்ளும். நிற்கப் போகிற வண்டிதான் சாயும். திருப்பும்போது விழுந்தார்கள், நிறுத்தும்போது விழுந்தார்கள், கால் ஊன்றிய இடத்தில் பள்ளம் இருந்ததால் விழுந்தார்கள். சபிதா என்ற தையற்கடைப் பெண் நின்ற வண்டியில் உட்கார்ந்து தும்மி விழுந்தாள். தரையில் கிடந்தபடியே மிச்சத் தும்மலையும் போட்டு முடித்தாள்.

புதுக்கடை சந்தையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன செங்கல்சூளை ஒன்றின் காலி இடம்தான் மைதானம். சுற்றிலும் இறுகிய செம்மண், நடுவே பழைய சிமெண்டுத் தளம். காலை ஆறு மணிக்கு வகுப்பு தொடங்கும். ஆறு ஐந்துக்கு முதல் சிரிப்பு கேட்கும். யாராவது விழுந்தால் மற்ற ஐந்து பேரும் ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்பது பிரிஜாவின் எண்ணம். அவர்களோ முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். விழுந்தவளும் உடன் உட்கார்ந்துவிடுவாள். வண்டி மட்டும் தனியே கிடக்கும்.

பிரிஜாவுக்கு வயது முப்பத்தேழு. நாகர்கோவிலில் ஒரு இருசக்கர வாகனப் பட்டறையில் எட்டு வருடம் உதிரிபாகக் கவுண்டரில் நின்றவள். ஒரு போல்ட்டைக் கையில் வைத்தாலே எந்த வண்டியில் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்வாள். மெக்கானிக்குகள் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். கணவன் ஷிபு மஸ்கட்டில் ஏசி வேலை. அவள் வேலையை விட்டு, பெண்களுக்குக் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்றபோது அவன் போனில் "விழுந்தா?" என்று மட்டும் கேட்டான். "விழுவாவ. எழும்புவாவ" என்றாள்.

இருந்தது ஒரே வண்டி, நூற்றைம்பது சிசி. இது அவளுடைய முதல் குழு. லைசென்ஸ் பரீட்சைக்குப் போகிறவர்கள் வண்டியையும் தாங்களே கொண்டுபோக வேண்டும். ஆறு பேருக்கும் ஒரே வியாழக்கிழமையில் நாள் கிடைத்திருந்தது. ஆறு பேரும் அந்த ஒரே வண்டியில்தான் எட்டுப் போட வேண்டும். ஒருத்தி விழுந்து வண்டி கெட்டுப்போனால் அவளுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கிளச்சு லீவர் ஒடிந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கியர் பெடல் உள்ளே மடங்கினால்? ஹேண்டில் வளைந்தால்? முதல் குழுவே வெறுங்கையோடு வந்ததென்றால், பொம்பிளைகளுக்கு எதுக்குக் கியர் வண்டி என்று சந்தையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். இரண்டாவது குழு என்று ஒன்று இருக்காது.

அந்த ஆறு பேரில் பிரிஜாவின் தூக்கத்தைக் கெடுத்தவள் கிரேசி. நாற்பத்தொன்பது வயது, தேங்காய்ப்பட்டணத்து மீன்காரி. ஸ்கூட்டரில் பெட்டி கட்டி பேச்சிப்பாறை ரப்பர் தோட்டங்கள் வரை மீன் கொண்டுபோகிறவள். அறுபது கிலோ மீனோடு மலை இறங்கும்போது ஸ்கூட்டரின் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகிறது, கியர் வண்டியென்றால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும் என்று யாரோ சொல்லி வந்து சேர்ந்தாள். நாற்பத்தொன்றில் பதினெட்டு விழுகை அவளுடையது. நல்ல மனநிலையில் பிரிஜாவை டீச்சர் என்பாள். விழுந்து எழும்போது ஏட்டி என்பாள்.

"டீச்சரே, வண்டி விழுந்துச்சு."

"நானும் இங்கதானே அக்கா நிக்கேன். சுவிச்ச அணைச்சியளா?"

"அணைக்கதுக்கு முன்னாடி அதுவே செத்துப்போச்சு."

லெக் கார்டு எனப்படும் இரும்புக் கம்பி வளையம் வண்டியில் முதலிலேயே இருந்தது. ஒன்பதாவது விழுகையில் அது உள்பக்கமாக மடங்கி பிரேக் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கழற்றி எறிந்துவிட்டாள். நாகர்கோவிலில் சர்வீசுக்கு வரும் பெரிய பந்தய வண்டிகளில் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கறுப்பாகக் குமிழ் போல நீட்டிக்கொண்டிருப்பதை அவள் பார்த்திருந்தாள். ஃபிரேம் ஸ்லைடர் என்பார்கள். வண்டி சாய்ந்தால் முதலில் தரையைத் தொடுவது அந்தக் குமிழ். லீவர், பெடல், இண்டிகேட்டர் எல்லாம் அதன் தயவில் தப்பிக்கும். அவளுடைய வண்டிக்கு அப்படி ஒன்றை யாரும் செய்து விற்கவில்லை.

கிரேசி இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கா இந்தப் பாடு? எங்க வீட்டுக்காரரு இருவது வருசமா கடலுக்குப் போற வள்ளத்துக்க ரெண்டு பக்கமும் பழைய டயரக் கட்டித் தொங்க விடுதாரு. ஒரு கீறலு கெடையாது. நீயும் கட்டு ஏட்டி" என்றாள்.

"வள்ளம் துறைமுகச் சுவருல ஒட்டி நிக்கணும் அக்கா. அதுக்கு ரப்பரு பிடிச்சுக்கணும். வண்டி விழுந்தா வழுக்கிப் போகணும். ரப்பரு ரோட்டப் பிடிச்சா வண்டி சுத்தி வந்து நம்மளயே அடிக்கும்."

"வழுக்கணுமின்னா வாழப்பழத் தோலக் கட்டு, அப்போ."

அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது. சிரிப்பை அடக்கி யாராலும் கிளச்சைப் பிடிக்க முடியவில்லை.

சந்தை முக்கில் ரசலையனின் லேத்துப் பட்டறை. இருபத்தைந்து வருடமாக வள்ளத்து எஞ்சின்களுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்தவர். பிரிஜா அளவெழுதிய தாளை நீட்டினாள்: கெட்டி நைலான் உருளை, ஐம்பது மில்லிமீட்டர் விட்டம், அறுபது நீளம். அதற்குமேல் நீண்டால் அதுவே கடப்பாரை போல நெம்பிச் சட்டத்தைக் கெடுக்கும். எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் முன்பக்க போல்ட்டைக் கழற்றிவிட்டு, அங்கே நீள போல்ட் ஒன்றை நுழைத்து, இரண்டு முனையிலும் ஓர் உருளை. போல்ட்டின் தலையும் நட்டும் உருளைக்குள் இருபத்தைந்து மில்லிமீட்டர் புதைந்திருக்க வேண்டும். தரையில் உரசுவது நைலானாக இருக்க வேண்டும், இரும்பு தட்டவே கூடாது.

ரசலையன் தாளை இரண்டு தடவை படித்தார். கேள்வி கேட்காமல் கடைந்தார். மறுநாள் கொடுக்கும்போது முகமெல்லாம் பெருமை. "போல்ட்டு மட்டும் எனக்க இஷ்டத்துக்குப் போட்டிருக்கேன் பிள்ளே. நல்ல ஸ்டெயின்லெஸ். இந்த உப்புக்காத்துல சாதா இரும்பு நாலு மாசம் தாங்காது. இது உனக்க பேரப்பிள்ளைக்க காலத்துலயும் பளபளன்னு கெடக்கும்."

பிரிஜா தலையாட்டினாள். அவளும் இந்தக் கரைக்காரிதானே. ஜன்னல் கொக்கி முதல் கல்லறைச் சிலுவை வரை ஸ்டெயின்லெஸ் வாங்குகிற ஊரில் வளர்ந்தவளுக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

ஆனால் எதையும் சோதிக்காமல் விடும் பழக்கம் அவளுக்கு இல்லை. சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தி, இடப்பக்கமாகச் சாய்த்து, கையை விட்டாள். டொப். குமிழின் மேல் வண்டி ஒருக்களித்துக் கிடந்தது, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் ஆள் போல. லீவருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஆறு பெண்களும் கைதட்டினார்கள். இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். ஏழாவது தடவை சத்தம் வேறாக இருந்தது. குமிழ் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. லீவர் ஒடிந்து தளத்தில் உருண்டது.

கழற்றிப் பார்த்தபோது பளபளக்கும் போல்ட் வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ரசலையனிடம் போனாள். அவருக்கு ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"ஏழு தடவ எதுக்குப் பிள்ளே வேணுமின்னு தள்ளிப் போட்டே?"

"எட்டாவது தடவ பரீட்சையில விழும்லா அண்ணே."

"கடலுல இருவத்தஞ்சு வருசம் நின்ன சாதனமாக்கும் இது."

"கடலுல துருவுதான் எதிரி. இங்க அடிதான் எதிரி. துருவுக்கு கிரீஸு தடவலாம். வளைவுக்கு எதத் தடவ?"

அவர் போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை இழுத்தார். லாரி எஞ்சினில் இருந்து வந்த கறுப்பு போல்ட்டுகள், தலையில் 10.9 என்று பலத்தின் அளவு பொறித்தவை. அழகில்லை, பளபளப்பில்லை. நீளம் பார்த்து ஒன்றை எடுத்து, கிரீஸில் முக்கி, "நானும் வாறேன். எனக்க கண்ணால பாக்கணும்" என்று பட்டறைக் கதவைச் சாத்தினார்.

முதல் தடவை அவரே தள்ளினார். டொப். குனிந்து பார்த்தார். லீவர் பத்திரம். "கொள்ளாம்!" என்றார். "இன்னொருக்கா போடட்டா?" போட்டார். வலப்பக்கம் போட்டார். ஏழு தாண்டியது, பத்து தாண்டியது. அறுபத்திரண்டு வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளித் தள்ளி விழவைத்துச் சிரித்ததை வேலியோரம் நின்று பால்காரர் பார்த்தார். விளக்கம் கேட்காமல் போய்விட்டார். பதினைந்தில் பிரிஜா தடுக்க வேண்டியதாயிற்று. போல்ட்டைக் கழற்றிக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்த்தாள். ஆட்டமில்லாமல் உருண்டது.

வியாழக்கிழமை வந்தது. ஏழு பேரும் ஆர்.டி.ஓ. மைதானத்துக்குப் போனார்கள். கிரேசியைக் கடைசியாக நிறுத்த வேண்டும் என்பது பிரிஜாவின் திட்டம். ஐந்து பேர் முடித்த பிறகு அவள் எப்படி விழுந்தால் என்ன? ஆனால் விண்ணப்பம் போட்ட வரிசையில்தான் கூப்பிடுவார்களாம். வகுப்பில் முதலில் சேர்ந்து முதலில் விண்ணப்பம் போட்டவள் கிரேசி.

இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பட்டியலைப் பார்த்து, "கிரேசி" என்றார்.

ஹெல்மெட் பட்டையை மாட்டிவிட பிரிஜாவுக்கு மூன்று தடவை ஆயிற்று. "அக்கா, மெதுவா. கண்ணு தூரத்துல இருக்கட்டும்."

"ஏட்டி, நீ வெறயாத. எனக்கும் சேத்து வெறயுத."

கிரேசி போனாள். எட்டின் முதல் வட்டம். பின்பிரேக்கில் காலை லேசாக வைத்து, கிளச்சைப் பாதியில் பிடித்து, சொல்லிக்கொடுத்தபடி. இரண்டாவது வட்டம். அவள் மீனுக்கு விலை சொல்லும் அதே முகத்தோடு திரும்பினாள். கால் ஊன்றவில்லை. கோட்டைத் தொடவில்லை. எட்டு முடிந்தது. வண்டியை நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். சுற்றி நின்ற பெண்களிடமிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. அதைக் கேட்ட பூரிப்பில் கிரேசி இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்துக் கும்பிட்டாள்.

டொப்.

பிரிஜா ஓட எடுத்த காலை, கோட்டுக்குள் போகக்கூடாது என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள். கிரேசி எழுந்தாள், உடையைத் தட்டினாள், சுவிட்சை அணைத்தாள். முதுகை இருக்கையில் கொடுத்து, ஹேண்டிலைப் பிடித்து, பின்னோக்கி இரண்டு அடி வைத்துத் தனியாளாக வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டாள்.

"மேடம், எட்டு முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "எட்டு முடிஞ்சுது. விழுந்தது எட்டுக்கு வெளிய" என்றார். பேனா ஒரு நிமிடம் காற்றில் நின்றது, பிறகு டிக் போட்டது. "எறங்கும்போது கும்புடக்கூடாது."

"சபிதா" என்று அடுத்த பெயர் வந்தது.

இதுதான் பிரிஜா பயந்த இடம். சபிதா ஏறினாள். கிளச்சை அழுத்திப் பார்த்தாள், அழுந்தியது. கியரை மிதித்தாள், விழுந்தது. சுவிட்சைப் போட்டுப் பட்டனைத் தொட்டாள். ஒரு நொடி எதுவும் இல்லை. மறுபடி தொட்டாள். வண்டி உறுமிக் கிளம்பியது, ஹேண்டில் நேராக, ஒரு நடுக்கமில்லாமல். பிரிஜா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இடப்பக்கக் குமிழில் நகம் அளவுக்குப் புதிதாக ஒரு தேய்மானம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

மூன்றாவது, நான்காவது பெண்கள் தேறினார்கள். ஐந்தாவதாகப் போன அஜிஷா பாதியில் கால் ஊன்றினாள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மற்றவர்களைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள், வண்டியைக் கீழே போடாமல் தோற்ற முதல் ஆள் தான்தான் என்று. ஆறாவது பெண்ணும் எட்டை முடித்து, கும்பிடாமல் இறங்கினாள். அப்போது எழுந்த கூச்சலில் கொட்டகைக்குள் இருந்த குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மாமாரே, கத்தணும்னா வெளிய போய்க் கத்துங்க."

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏழு பேரும் வாசலுக்கு வெளியே போனார்கள். போய்க் கத்தினார்கள்.