கஞ்சி போட்ட பூக்கள்

துணியை விறைக்க வைத்து விற்பதுதான் என் தொழில் என்று சொன்னால், "அப்படின்னா?" என்று கேட்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. சமையலறையில் பாகும் கஞ்சியும் காய்ச்சித் துணிப்பூ செய்து, விசேஷ வீட்டில் அது காலை வாரிவிட, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு இதில் இறங்கினேன். ஆம்பிளை செய்கிறான் என்றால் ஆர்டர் வராது என்று நானே முடிவு செய்து, ஆஸ்பத்திரி பில் கவுண்ட்டரில் இருக்கும் என் மனைவி கலாவின் பெயரைப் போட்டேன். பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் "கலாக்கா வரலையா?" என்பார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்பேன். ஊரில் அவளைப்போல் காய்ச்சலில் கிடந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

நிச்சயதார்த்தக் கூட்டம்

கொரட்டூரில் ஒரு நிச்சயதார்த்தம். மோதிரம் வைக்க நூலில் பின்னிய குட்டிக் கூடை கேட்டார்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டம்ளர் சர்க்கரை போட்டுப் பாகு காய்ச்சி, கூடையை முக்கி, கவிழ்த்த கிண்ணத்தின் மேல் காய வைத்தேன். கண்ணாடி மாதிரி நின்றது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நானும் என் கைவேலையை நாலு பேர் பார்ப்பதைப் பார்க்கலாமே என்று கதவோரம் நின்றேன்.

காலையிலிருந்து அந்தக் கூடை லட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. பெண் மோதிரத்தை எடுத்தவள் கையை உதறினாள். மோதிரம் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது. பெரியவர்கள் குனிந்து தேட, கூடையிலிருந்து சிவப்பெறும்புகள் வரிசையாக இறங்கின. மோதிரம் கிடைத்துவிட்டது. நான் சாப்பிடாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை எறும்பு வரிசையைக் காட்டி, பெண் வீட்டாரிடம் நிதானமாகக் கேட்டது காதில் விழுந்தது: "எங்க பக்கம் நாப்பது பேர்தான் வந்தோம். இவங்க எல்லாரும் உங்க பக்கமா?"

பட்டாபிராம் தோரணம்

அதோடு சர்க்கரையை விட்டுவிட்டு மைதாப் பசைக்கு வந்தேன். எறும்புக்குப் பயந்து, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்வதுபோல் பசையில் மயில்துத்தம் கலக்க நினைத்தேன். நான் போன அன்று கடையில் அது இல்லை. அது கொடிய விஷம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பட்டாபிராமில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு, பச்சைத் துணியில் மாவிலைத் தோரணம் செய்து வாசலில் கட்டினேன். நிஜ மாவிலைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று வீட்டுக்காரர் மெச்சினார். பசுவுக்கும் தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைய வேண்டிய பசு வாசலிலேயே நின்று தோரணத்தை மென்றது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பசுவைக் கொண்டுவந்தவர் அதன் வாயில் கையைவிட்டு, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். அன்று கடையில் மயில்துத்தம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மறுநாள்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் கையைக் கட்டிக்கொண்டு பசுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைத் துண்டில் துடைத்தபடி சொன்னார்: "அதுக்கு இன்னா தெரியும் நைனா? நீ கஞ்சி காச்சி வாசல்ல மாட்டிகீற. அது பந்தின்னு நெனச்சிகிச்சி."

மாப்பிள்ளையின் தலைப்பாகை

மைதாபோல் இல்லாமல், ஜவ்வரிசிக் கஞ்சி காய்ந்தால் வெள்ளைத் தடம் தெரியாது. அதனால் பூந்தமல்லி மாப்பிள்ளை ஒருவரின் தலைப்பாகைக்கு அதைக் கெட்டியாகக் காய்ச்சிப் போட்டு, குண்டானைக் கவிழ்த்து அதன்மேல் மடிப்பு வைத்தேன். சித்திரை வெயில். திறந்த ஜீப்பில் ஊர்வலம். வியர்வை பட்டதும் கஞ்சி கரைந்து, நெற்றி வழியாகக் கண்ணுக்கு இறங்கிக் கன்னத்தில் வழிந்திருக்கிறது. பிசுபிசுப்பில் இமை ஒட்டி, அவரால் கண்ணைத் திறக்கவும் முடியவில்லை. வீடியோவிலும் அப்படியே பதிவாகியிருக்கிறது.

கல்யாணம் முடிந்து அவரே போன் செய்தார், கலா மேடம் வேண்டும் என்று. காய்ச்சல் என்றேன். ஐ.டி. கம்பெனிக்காரர், மரியாதையான பையன். குரலை உயர்த்தாமல் பேசினார். "எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லன்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க சார். எங்க மாமனார்தான் என்னைத் தனியா கூட்டிட்டுப் போய், 'உண்மைய சொல்லுங்க மாப்பிள்ளை, மனசுல வேற யாராவது இருக்காங்களா'ன்னு கேக்குறாரு."

ஆவடி வளைகாப்பு

இப்போது மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிறேன். எறும்பு வருவதில்லை, வியர்வைக்குக் கரைவதில்லை. ஆவடியில் ஒரு வளைகாப்புக்கு மேடை நிறையத் தாமரை கேட்டு ஒரு பெண், கலா பெயரில் நான் வைத்திருக்கும் நம்பருக்கு எழுதியிருந்தாள். அட்டைப்பெட்டியோடு மண்டபத்தில் நுழைந்தால், வரவேற்க நின்றவர் கஜேந்திரன். மூடிய கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் எனக்குப் பக்கத்து மேஜை. வளைகாப்பு அவர் மகளுக்கு. திரும்பிவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் பெட்டியைப் பிடித்துவிட்டார். வீட்டுக்காரி செய்தது, நான் சும்மா கொண்டுவந்தேன் என்று கேட்காமலேயே சொன்னேன்.

அவர் ஒரு தாமரையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இதழ்மேல் இதழை வைத்துக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். அந்தக் காலத்தில் கம்பெனியில் பாகங்களை அப்படித்தான் தடவுவார். பிறகு, உன் வீட்டுக்காரம்மா எந்தக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தார்கள் என்று கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் கேட்காத தூரத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார். நான் கிளம்புகிறேன் என்றதற்கு என் கையை விடாமல், மெல்லச் சொன்னார்: "நான் செம்பரம்பாக்கத்துல ஒரு கொடோன்ல வாட்ச்மேனா கீறேன். இவங்ககிட்ட சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிகீறேன். நீ என்னிய பாக்கல, நான் உன்னிய பாக்கல. துன்னுட்டுப் போ மாமே."

எந்தத் துணியையும் நிமிர்ந்து நிற்க வைக்க வீட்டிலேயே நாலு வழி கற்றுக்கொண்டேன், செய்கிறவன் தலையை நிமிர வைக்கத்தான் இன்னும் ஒரு கஞ்சியும் அமையவில்லை.