தேவலை

உடம்பு சரியில்லாதவரை எங்கள் வீட்டில் யாரும் "குணமாயிடுச்சா?" என்று கேட்பதில்லை. "தேவலையா?" என்றுதான் கேட்போம். நேற்றைக்கு இன்று கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்பதோடு விசாரணை முடிந்தது. நோய் போயிற்றா என்று துருவுவது மரியாதை இல்லை. பெங்களூர் வந்த பிறகு வீட்டுக்காரம்மா கன்னடத்தில் விசாரித்தால் "பர்வாகில்லா" என்போம். அதுவும் ஏறக்குறைய இதே சரக்குதான்.

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி நோய்க்கு மருந்து இல்லை, வலிக்கு மட்டும் கொடுப்போம் என்றார். அதற்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயரும் சொன்னார்.

வெளியே வந்ததும், "என்ன சொன்னாரு?" என்றாள் மனைவி.

"இந்த மாத்திரைல தேவலையாயிடும்னாரு."

நான் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல் கைவசம் இருந்ததால் பொய்க்கு அவசியமே வரவில்லை.

மாத்திரை வேலை செய்தது. நன்றாகத் தூங்கினாள். ரசம் சாதம் கேட்டாள். சீரியலில் வரும் மாமியாரைப் பழையபடி திட்டினாள். ஊரிலிருந்து போன் செய்தவர்களிடமெல்லாம் "தேவலை" என்றேன். பப்பாளி இலை வைத்தியம் சொல்வதை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வெட்கங்கெட்ட நம்பிக்கை.

தை மாதம் அவள் தம்பி மகளுக்குக் கல்யாணம். அதற்கு எடுத்த பட்டுப்புடவையின் ரவிக்கைத் துணியைத் தைக்கக் கொடுக்க வேண்டும் என்றாள். ஈஜிபுராவில் எங்கள் தெருமுனையிலேயே தையல் கடை. மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன்.

"அக்கா, உடம்பு தேவலையா?" என்றார் தையல்காரர்.

"தேவலைப்பா."

அவர் டேப்பை எடுத்தார். "இளைச்சுட்டீங்க. புது அளவு எடுத்துக்கறேன். உள்ள துணி விட்டுத் தைக்கிறேன், உடம்பு தேறினதும் பிரிச்சுக்கலாம்."

"எனக்கு வேணாம்" என்றவள், பைக்குள் கைவிட்டு எங்கள் மகளின் ரவிக்கை ஒன்றை எடுத்து வைத்தாள். "இந்த அளவுக்குத் தைச்சுடு. புடவைய அவதான் கட்டிக்கப் போறா."

தையல்காரர் என்னைப் பார்த்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "கழுத்து ரொம்ப எறக்கமா வேணும்னு அடம்பிடிப்பா. நீங்க ஒத்துக்காதீங்க."

சரி என்றேன்.