டிவியைத் திருப்புடா நோயல்

நீலசந்திராவில் லாவண்யாவைத் திட்டாத ஆண்பிள்ளை கிடையாது. திட்டிவிட்டு, அடுத்த ஃபுட்பால் மேட்சுக்கு அவளையே விசில் ஊதக் கூப்பிடாத ஆண்பிள்ளையும் கிடையாது. வாயில் விசில் வைத்துவிட்டால் அவளுக்குச் சொந்தபந்தம் எதுவும் கண்ணில் படாது.

பீன்யாவில் பம்பு செய்கிற கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கறுப்புச் சட்டை, கறுப்பு டவுசர், முழங்கால்வரை சாக்ஸ். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த டவுசரைப் பார்த்து மொத்தத் தெருவும் வாயைப் பிளந்தது. பிளந்த வாய் எத்தனை நாள் பிளந்தே இருக்கும்? வலித்ததும் தானாக மூடிக்கொண்டது.

போன வருஷம் ஒரு செமி ஃபைனலில் ஆஃப்சைடு என்று ஒரு கோலைச் செல்லாமலாக்கிவிட்டாள். தோற்றவர்கள் அவள் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினார்கள். ஒரு வாரம் கழித்து, மொட்டைமாடியில் நின்று யாரோ போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஆஃப்சைடுதான், சந்தேகமே இல்லை. திட்டின வாய்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன செய்தன தெரியுமா? வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டின. அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. நேராக டோர்னமெண்ட் கமிட்டித் தலைவர் ஓஸ்வால்டின் வீட்டுக்குப் போனாள். ஓஸ்வால்ட் ஆஸ்டின் டவுன்காரர், ஒரு காலத்தில் நல்ல ஃபார்வர்டு, இப்போது நல்ல தொப்பை.

"வோர்ல்டு கப்புல ரெஃப்ரி டிவில பாத்து சொல்றாங்க இல்ல அங்கிள்? நம்ம கிரவுண்டுலயும் வெச்சா இன்னா?"

"அது கோடிக்கணக்குல செலவு பண்றவன் மேட்டரு மா. நம்ம கிரவுண்டுல கோல் போஸ்டுக்கு நெட்டே பழைய கொசுவலை."

"நோயல் கடைகளுக்கெல்லாம் கேமரா மாட்றான். திருடனைப் புடிக்கிற கேமரா பந்தைப் புடிக்காதா?"

நோயல் என்பவன் ஆஸ்டின் டவுன் மார்க்கெட் பக்கம் சிசிடிவி மாட்டுகிறவன். கேட்டதும் குதித்துவிட்டான். ஒவ்வொரு கோலின் கோட்டுக்கும் நேராக ஒரு கம்பத்தில் ஒரு கேமரா, நடுவில் ஒன்று, ஷாமியானாவுக்குள் ஒரு டிவி. வேண்டுமென்ற இடத்தில் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம். ஓஸ்வால்ட் தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார்.

"இந்த டிவியால கிரவுண்டுல கலாட்டா ஆச்சு, டிவியும் வெளிய, நீயும் வெளிய. அப்பறம் சின்னப் பசங்க மேட்சுக்குத்தான் விசில் ஊதணும். பேஜார் பண்ணக்கூடாது."

"சரி அங்கிள்," என்றாள். அவளுக்கு அந்தக் கறுப்புச் சட்டைதான் உயிர் என்று அவருக்கும் தெரியும்.

ஆயுத பூஜை கப் ஃபைனலுக்கு வந்து சேர்ந்த டீம்கள் நீலசந்திராவும் ஆஸ்டின் டவுனும். நீலசந்திரா கேப்டன் விக்கி அவள் கொழுந்தன், புருஷனின் கூடப்பிறந்த தம்பி. வேறு ரெஃப்ரி போடலாமா என்று ஓஸ்வால்ட் கேட்டதற்கு ஆஸ்டின் டவுன்காரர்களே வேண்டாம் என்றார்கள். சொந்தக் கொழுந்தனுக்கே அந்த சீசனில் மூன்று தடவை மஞ்சள் கார்டு காட்டியவள் அவள்.

ஃபைனலன்று காலையில் கம்பெனியில் மிஷின்களுக்குப் பூஜை முடித்து, பொரிப் பொட்டலத்தோடு பஸ் ஏறி, நேராகக் கிரவுண்டுக்கு வந்தாள். ஜனமென்றால் ஜனம். சுவர் மேல், ஆட்டோ மேல், மொட்டைமாடியெல்லாம் தலைகள். தமட்டை மேளக்காரர்கள் ஒரு மூலையில் பொளந்துகட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாதியில் ஆஸ்டின் டவுன் ஒரு கோல் போட்டது. கையில் பட்டது என்று நீலசந்திரா கத்தியது. லாவண்யா, வோர்ல்டு கப் ரெஃப்ரிகள் செய்வதுபோலவே, டிவியில் பார்க்கப் போகிறேன் என்று காற்றில் விரலால் ஒரு சதுரம் போட்டுவிட்டு ஷாமியானாவுக்கு ஓடினாள். நோயல் ஓட்டிக் காட்டினான். கையில் படவில்லை, தொடையில் பட்டது. கோல்தான். ஜனத்துக்கு அது என்னவோ மந்திரம் போலாகிவிட்டது. அப்புறம் த்ரோவுக்குச் சதுரம், கார்னருக்குச் சதுரம். கடலை விற்கிறவன் மிச்சச் சில்லறை தரவில்லையென்று ஒரு பெண்பிள்ளை அவனைப் பார்த்துச் சதுரம் போட்டாள்.

இடைவேளையில்தான் வந்தது வினை. காலையிலேயே வரவேண்டிய சீஃப் கெஸ்ட் அப்போதுதான் மாலையும் ஆளுமாக வந்து இறங்கினார். அவர் வரட்டுமென்று பூஜை போடாமல் நிறுத்தி வைத்திருந்தார் கமிட்டி செக்ரட்டரி அர்ஜுனன். டெம்போ ஓட்டுகிறவர், பூஜை என்றால் உயிரை விடுவார். நடுக்கோட்டில் பூசணிக்காய் உடைக்கிறேன் என்று தூக்கிக்கொண்டு வந்தவரை, "உடைச்சா ஒங்களுக்கும் கார்டு தான் அண்ணே," என்று லாவண்யா கேட்டுக்கு வெளியே துரத்தினாள். துரத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அந்த நேரத்தில் மனிதர் ஏணி போட்டுக் கம்பம் ஏறிவிட்டார். மிஷின் என்று இருந்தால் அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் ஆயுத பூஜையா? டிவிக்கு வைத்தாயிற்று, ஒயருக்கு வைத்தாயிற்று, கேமராவை விடுவாரா?

இரண்டாவது பாதி தொடங்கியது. நோயல் டிவி முன்னால் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான், படத்தைப் பார்க்கவில்லை.

மேட்ச் முடிய கொஞ்ச நேரம்தான் இருந்தது. நீலசந்திராவுக்கு ஒரு கார்னர். பந்து மிதந்து வந்தது. விக்கி எல்லோருக்கும் மேலே எழும்பி முட்டினான். ஆஸ்டின் டவுன் கோல்கீப்பர் கவின் பின்னால் சாய்ந்து, குறுக்குக் கம்பிக்குக் கொஞ்சம் கீழே பந்தை இரண்டு கையாலும் பிடித்து, சட்டென்று முன்னால் இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டான்.

"கோல்! கோல்!" நீலசந்திரா முழுக்க உள்ளே ஓடிவந்தது.

லாவண்யா கையை ஆட்டினாள். கோல் இல்லை. பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். தாண்டவில்லை என்றுதான் அவள் கண் சொன்னது.

"அண்ணி! உள்ள போயிட்ச்சு அண்ணி! கண்ணு தெர்லயா?" விக்கி மூக்கருகே வந்து நின்றான்.

"கிரவுண்டுல அண்ணியும் கெடையாது தண்ணியும் கெடையாது. தள்ளி நில்லு."

"அப்ப டிவி பாருங்க ரெஃப்ரி மேடம்!" என்று பல்லைக் கடித்தான்.

சதுரம் போட்டாள். கிரவுண்டே ஓவென்றது. ஷாமியானாவுக்குள் போய்ப் பார்த்தால் நோயல் வாயில் பொரியோடு சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். டிவியின் பாதிக்குக் கீழே மஞ்சளாக ஒரு அப்பல், நடுவே சிவப்பாக ஒரு பொட்டு.

"இன்னாடா இது?"

"சந்தனம்க்கா. அர்ஜுனன் அண்ணன் கண்ணாடி மேலயே வெச்சுட்டாரு."

அர்ஜுனன் ஓடிவந்தார். "கேமராவுக்கு நெத்தி எங்க இருக்குனு எனக்கு எப்பிடி மா தெரியும்? இருக்கறது ஒரு கண்ணுதான். அதுக்கு மேல கொஞ்சம் வெச்சேன், வழிஞ்சு எறங்கிட்ச்சு."

நடுக் கேமராவில் கவினின் முதுகுதான் தெரிந்தது. ஓஸ்வால்டின் முகம் வெளுத்துவிட்டது. "விட்டுடு மா. தெர்லன்னு சொல்லிட்டு மேட்சை முடி."

அப்படிச் சொல்லியிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவள் டிவியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். கோடு சந்தனத்துக்குள் மறைந்துபோயிருந்தது, சரி. ஆனால் கோட்டின் மேல்தானே கோல் கம்பம் நிற்கிறது? கம்பத்தின் மேல்பாதி பளிச்சென்று தெரிந்தது. பந்தும் மேலேதானே இருந்தது.

"ஓட்டு. இன்னும் கொஞ்சம். நிறுத்து!"

கம்பம். அதற்குப் பின்னால் ஒரு விரற்கடை வலை. அதற்கும் பின்னால் பந்து, கவினின் கையில் முழுசாக உள்ளே.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தப்பு அவளுடையது. கோல் நீலசந்திராவுடையது. சொந்தத் தெரு, சொந்தக் கொழுந்தன், போட்டது கோல். இல்லை என்று சொன்னதை இப்போது உண்டு என்று மாற்றினால் ஆஸ்டின் டவுன் சும்மா விடுமா? டிவி வெளியே, அவளும் வெளியே.

அதற்குள் வெளியே சேதி பரவிவிட்டது. "சந்தனத்துல இன்னா தெரியும்? கொழுந்தனுக்கு கோல் குடுக்க உள்ள போயிருக்கா!" என்று ஒரு ஆள் கூவினான். ஒரு பாட்டில் பறந்து வந்து ஷாமியானா மேல் விழுந்தது.

"டிவியைத் திருப்புடா நோயல்," என்றாள் லாவண்யா.

"இன்னாக்கா?"

"ஜனங்க பக்கம் திருப்பு!"

"ரூல்ஸ் படி ரெஃப்ரி மட்டும்தான் பாக்கணும் மா," என்றார் ஓஸ்வால்ட்.

"ரூல்ஸ் போட்டவன் வீட்டு மேல பாட்டில் வுழுந்துருக்காது அங்கிள். டேய் கவின், இங்க வா! ஒன் கையிலதானே இருந்துச்சு பந்து? முன்னால வந்து பாரு."

நாலு பேர் மேஜையோடு டிவியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. தமட்டை நின்றது. நோயல் ஓட்டினான். விக்கியின் தலை, பந்து, கவினின் கை. நிறுத்தினான். லாவண்யா விரலால் கம்பத்தைத் தொட்டுக் காட்டினாள், பிறகு பந்தைத் தொட்டுக் காட்டினாள். நடுவில் இருந்த வலையைக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"கோடு எங்கக்கா?" என்றான் ஆஸ்டின் டவுன்காரன் ஒருவன்.

"கம்பத்தை ஒங்கப்பன் கோட்டுக்கு வெளியவா நட்டான்?"

எல்லோரும் கவினைப் பார்த்தார்கள். அவன் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"உள்ளதான் மச்சா. நான்தான் சும்னே இழுத்துப் பாத்தேன். ரெஃப்ரி பக்கத்துல இருந்தே ஏமாந்துட்டாங்களேனு சந்தோஷப்பட்டேன்."

"நான் ஏமாந்தேன். ஒத்துக்கறேன்," என்றாள் லாவண்யா சத்தமாக. "மொதல்ல இல்லைனு சொன்னது என் தப்பு. இது கோலு!" காற்றில் பெரிதாக ஒரு சதுரம் போட்டு, நடுக்கோட்டைக் காட்டி ஊதினாள். அவளுக்குத் தன் காலே தரையில் பாவவில்லை.

அடேயப்பா, அந்தச் சத்தம்! தமட்டை கிழிந்தது. முறைத்துக்கொண்டிருந்த ஆஸ்டின் டவுன்காரர்களில் பாதிப்பேர், பார்த்த சந்தோஷத்திலேயே கை தட்டிவிட்டார்கள். ரெஃப்ரி பார்ப்பதை அவர்களும் கூடவே பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒன்றுக்கு ஒன்று. மேட்ச் மறுபடி ஓடியது. கடைசி மூச்சில் ஆஸ்டின் டவுன் ஃபார்வர்டு பாக்ஸுக்குள் புகுந்தான். விக்கி பின்னால் தொங்கிக்கொண்டே ஓடினான், ஃபார்வர்டு விழுந்தான். லாவண்யா ஊதினாள். பெனால்டி.

"அண்ணி! தொடவே இல்ல அண்ணி! டிவி! டிவி!" நீலசந்திரா முழுக்கச் சதுரம் போட்டது. நோயல் கேட்கும் முன்பே ஓட்டினான். அந்தப் பக்கத்துக் கேமராவில் அர்ஜுனனின் கைவரிசை மேலோடு நின்றிருந்தது, படம் சுத்தம். விக்கியின் கை, அடுத்தவன் ஜெர்சியைத் துணி பிழிவதுபோல முறுக்கிப் பிடித்திருந்தது டிவி நிறையத் தெரிந்தது. நீலசந்திராக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

"தொடவே இல்லியாம்! துணி தொவைக்கிறான் பாரு!"

விக்கிக்கு மஞ்சள் கார்டு. ஆஸ்டின் டவுனுக்குக் கோல். அதோடு நீண்ட விசில்.

கப் கொடுக்க ஓஸ்வால்ட் மைக்கைப் பிடித்து மூன்று தடவை கூப்பிட்டார். ஒருத்தரும் வரவில்லை. ஜெயித்தவர்கள், தோற்றவர்கள், கடலைக்காரன், சீஃப் கெஸ்டின் டிரைவர் எல்லோரும் டிவி முன்னால் குவிந்து கிடந்தார்கள். "கவின் இழுக்கறதை இன்னொரு வாட்டி ஓட்டு குரு! சக்கத்தா இருக்கு!" நோயல் ஓட்ட ஓட்ட, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோல எல்லோரும் சேர்ந்து "கோல்!" என்று கத்தினார்கள். கவினும் கத்தினான்.

ஓஸ்வால்ட் மைக்கைக் கீழே வைத்துவிட்டு லாவண்யாவிடம் வந்தார்.

"கிறிஸ்மஸ் கப்புக்கும் நீதான் மா. டிவியும்தான். அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல இவனுங்களைக் கூப்புடு, சீஃப் கெஸ்ட் கோச்சுக்கறாரு."

லாவண்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப நீளமாக ஊதினாள். ஒருத்தரும் திரும்பவில்லை.