மஞ்சளாக ஒளிர்ந்த வேர்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘எங்கேசார்’ என்று பெயர். செடியில் என்ன சத்து இருக்கிறது என்று சொல்ல வேறு ஆட்கள் உண்டு. அது எங்கே, எந்த உயிரணுவுக்குள் இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது இவர் வேலை. வீட்டில் தன் மூக்குக்கண்ணாடியை இவர் தேடாத நாளில்லை என்பது வேறு கதை.

மனைவியின் தம்பி, மூலிகை வேரைத் தோல் சீவி வெள்ளைவெளேரென்று பொடியாக்கி விற்பவர். சத்து எங்கே என்ற சந்தேகமெல்லாம் அவருக்கு இல்லை, படம்தான் வேண்டும். வேரின் மருந்துச்சத்து புற ஊதா ஒளியில் மஞ்சளாக மின்னும். அந்தப் படமும் கீழே மாமாவின் பெயரும் பட்டமும் பொடி உறையில் இருந்தால் எடுப்பாக இருக்குமாம்.

பிறர் எடுத்த படங்களில் குற்றம் கண்டே பெயர் வாங்கியவர் எங்கேசார். பிளேடைத் தோலிலிருந்து உள்ளே இழுக்காதே, தோலில் இருப்பது நடுவெல்லாம் அப்பிக்கொள்ளும் என்பதுதான் மாணவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடம். அன்று மைத்துனர் முதுகுக்குப் பின்னால் நின்று, “ஆச்சா மாமா? ஆச்சா?” என்று உயிரை எடுத்ததில், பிளேடு எந்தப் பக்கம் போனதென்று அவர் கவனிக்கவில்லை. வேர்த்துண்டு விளிம்பிலிருந்து நடுவரை தகதகத்தது.

“பின்னிட்டீங்க மாமா!” படத்தோடு மைத்துனர் பறந்தார்.

சில நாள் கழித்துப் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறுத்தியது. மஞ்சள் உயிரணுக்களுக்குள் அடங்காமல், சுவர்களைத் தாண்டிக் கோடுகோடாக இழுபட்டிருந்தது. புது பிளேடு எடுத்து, உள்ளிருந்து வெளியே நிதானமாக அறுத்துப் பார்த்தார். நடுவில் கும்மிருட்டு. தோலை ஒட்டி மட்டும் மெல்லிய மஞ்சள் வளையம்.

அன்று சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தார்.

“மாப்ளே, அந்தப் படம் தப்பு. சத்து பூரா தோல்லதான் இருக்கு. நீ விக்கிறது வெறும் சக்கை.”

“உறை அச்சாகி வந்துடுச்சே மாமா!”

மனைவி கரண்டியை வைத்தாள். “என் தம்பி பொழப்புல மண்ணைப் போடத்தான் அந்தக் குழாய்ல கண்ணை வச்சுட்டு உக்காந்திருக்கீங்களா?”

“கழுவட்டும், சீவ வேணாம். அவ்வளவுதான் சொல்றேன்.”

மைத்துனர் யோசித்தார். சீவும் வேலை மிச்சம். குப்பை அள்ளும் வேலையும் மிச்சம். “சரி, பொடியை மாத்திடறேன். படத்தை மாத்த மாட்டேன். உங்க புதுப்படம் வளையல் விளம்பரம் மாதிரி இருக்கு.”

ஆக, உறைக்குள் இருப்பது இப்போது சரி. உறைமேல் இருப்பதுதான் தப்பு. ஊரெல்லாம் பாராட்டுவதும் அதைத்தான்.

முதல் வகுப்பில் இப்போதெல்லாம் அந்த உறையைத்தான் எங்கேசார் தூக்கிக் காட்டுகிறார். “இதை அறுத்தவர் என்ன தப்பு பண்ணியிருக்கார், சொல்லுங்க?” அவர் கட்டைவிரல், படத்தின் கீழே உள்ள தன் பெயரின் மேல், பட்டமும் சேர்ந்து மறையும்படி கச்சிதமாகப் படிந்திருக்கும்.