மூன்று லிவர்பூல்களும் ஓஸ்லோவில் அப்பா காணாமல்போன மாலையும்

அப்பா தூத்துக்குடியிலிருந்து இரண்டு மாதம் நார்வேயின் ஸ்தவாங்கரில் என்னோடு தங்க வந்திருந்தார். ஊர் திரும்புமுன் ஓஸ்லோவைப் பார்க்க வேண்டும் என்றதால், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ரயிலேறினோம். எட்டு மணி நேரப் பயணம். ஓஸ்லோவின் புறநகரான வெஸ்ட்லியில் தோழி நிர்மலா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

கிளம்பும்போது அப்பா கழுத்தில் சிவப்பு லிவர்பூல் மஃப்ளர். இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியுடையது, என் அலுவலக நண்பர் கொடுத்தது. அப்பாவுக்குக் கால்பந்து தெரியாது. என் தம்பி சிட்னியில் லிவர்பூல் என்ற பகுதியில் இருக்கிறான். “அவன் ஊர் பேரு போட்டிருக்குல்லா” என்று அதைக் கழற்றவே மாட்டார்.

ஓஸ்லோ சென்ட்ரலை ஒட்டிய மெட்ரோ நிலையத்தில் 4.12க்கு வெஸ்ட்லி வண்டி வந்தது. அப்பா முதலில் ஏறினார். நான் பெட்டியைத் தூக்குவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடியை அவர் உள்ளங்கையால் தட்டியது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. அவருடைய போன், கையுறை எல்லாம் என் பையில்.

அடுத்த வண்டியில் வெஸ்ட்லி போய்ச் சேர்ந்தபோது 4.50. நிர்மலா மட்டும் நின்றிருந்தாள். “உங்கப்பா வரலையே” என்றாள். வெளியே இருட்டிவிட்டது. மைனஸ் பதினொன்று.

போலீஸுக்குப் போன் செய்தேன். இந்தியர், அறுபத்தெட்டு வயது, சிவப்பு மஃப்ளர் என்றேன். “இன்று லிவர்பூல் ஆட்டம் இருக்கிறது, நகரம் முழுக்கச் சிவப்பு மஃப்ளர்தான்” என்றார் அந்தப் பெண் அதிகாரி, வருத்தமாகவே. நிர்மலாவை அங்கேயே நிறுத்திவிட்டு, நகரை நோக்கித் திரும்பி ஒவ்வொரு நிலையமாக இறங்கித் தேடினேன். ரோம்மெனில் பெஞ்சில் ஒரு சிவப்பு மஃப்ளர் தெரிய, ஓடினேன். யாரோ ஒரு நார்வேக்காரர். பனியில் எங்காவது உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பை விரட்ட முடியவில்லை.

5.40க்கு ரொம்சோஸ் நிலையத்தில் இருந்தபோது போலீஸ் அழைத்தது. “அம்மருட் நிலையத்தருகே ஒரு கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆனால் அவர் இங்கிலாந்துக்காரர், வீடு லிவர்பூலில். உங்கள் அப்பா இல்லை. தொடர்ந்து தேடுகிறோம்.”

சரி என்று வைத்துவிட்டேன். அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது: லிவர்பூல், தம்பி ஊர். அடுத்த வண்டியில் ஏறினேன். அம்மருட் இரண்டாவது நிறுத்தம்.

கடையின் மூலையில் ஒரு ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர்க் கோப்பை. பக்கத்தில் கல்லாவில் வேலை பார்க்கும் ஒரு இலங்கைத் தமிழ்ப் பெண்.

“மகளோ நீங்கள்? நான் இப்பத்தான் வேலைக்கு வந்தனான் அக்கா. ஐயா தமிழ் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. போலீஸுக்குத் திரும்ப எடுக்கத்தான் போனை எடுத்தனான்.”

வண்டியில் ஒருவர் மஃப்ளரைப் பார்த்து அப்பாவின் தோளைத் தட்டிச் சிரித்திருக்கிறார். அவர் இறங்கியதும், வழிகாட்டுகிறார் என்று நினைத்து அப்பாவும் பின்னாலேயே இறங்கிவிட்டார். அந்த ஆள் தன் வழியில் போய்விட, குளிர் தாங்காமல் கடைக்குள் நுழைந்திருக்கிறார். முதலாளி மஃப்ளரைக் காட்டி “லிவர்பூல்?” என்று கேட்டிருக்கிறார்.

“மவன் வீட்டைக் கேக்காருன்னு நெனச்சு ஆமான்னேன். பொறவு ஒரு வார்த்தை இங்கிலீஷும் வரலம்மா.” அந்த ‘ஆமா’வைத்தான் முதலாளி போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார்.

பயந்துட்டீங்களாப்பா என்றேன். இல்லை என்றார். வெஸ்ட்லி வரும்வரை என் கோட்டின் நுனியைப் பிடித்திருந்தார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

பெற்றோரை அழைத்துவருபவர்களுக்கு: தங்கும் முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய காகிதம் அவர்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். கையுறையும் போனும் அவர்களிடமே இருக்கட்டும். பிரிந்துவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். முக்கியமாக, வண்டியில் நீங்கள் கடைசியாக ஏறாதீர்கள், சேர்ந்து ஏறுங்கள். போலீஸிடம் பேசும்போது உறவினர் ஊர்களையும் நாட்டுப் பெயரோடு சொல்லிவிடுங்கள்.

மறுநாள் தம்பி வீடியோவில் வந்து ஓஸ்லோ எப்படி என்று கேட்டான். “நல்ல ஊரு, நல்ல சனங்க” என்றார் அப்பா. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பேச்சைக் குளிர் பக்கம் திருப்பினேன். இதைப் படித்துத்தான் அவன் தெரிந்துகொள்ளப் போகிறான்.