விற்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவை

ஏலத் தளத்தில் பழைய பொருளை விற்பது ஒன்றும் கஷ்டமில்லை. அதை வாங்க வருகிற ஆட்களைச் சமாளிக்கத்தான் தனியாக ஓர் ஆயுசு வேண்டும்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துச் செமிலிங்கில் இருக்கிறேன். பெயர் ரெஜினா. சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் சர்க்யூட் போர்டு ஒட்டினேன். ஒரு நாள் முதலாளிமார் எங்கள் பிரிவை அப்படியே வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷமாக இதுதான் பிழைப்பு. வீடு காலி பண்ணுகிறவர்களிடமும் மூடுகிற கடைகளிலும் பழைய சாமான் வாங்கி, துடைத்து, படம் எடுத்து, இணையத்தில் ஏலம் போடுகிறேன். என் வீட்டுக்காரர் சூசை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

முதல் தடவையாக ஏலம் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஏற்கெனவே போட்டு நொந்தவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஜெயித்தவரைக் காணவில்லை

என் முதல் பொருள் ஒரு பித்தளை அண்டா. மெர்போக்கில் வீடு மாறிய ஒரு குடும்பத்திடம் வாங்கினேன். இரண்டு நாள் புளி போட்டுத் தேய்த்ததில் கை தோல் உரிந்தது. ஏழு நாள் ஏலம். மூன்றாம் நாளே கூலிமில் சமையல் ஆர்டர் எடுக்கிற ஓர் அம்மா போன் பண்ணி, "இப்பவே வந்து எடுத்துக்கிறேன், ஏலத்த நிறுத்திடும்மா" என்றார். நான் பெரிய நியாயவாதி மாதிரி, அப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அலோர் ஸ்டாரில் ஓர் ஆள் நல்ல விலைக்கு ஜெயித்தார். நானும் அண்டாவைப் பழைய கம்பளியில் சுற்றி, பெட்டியில் வைத்து, முகவரிக்காகக் காத்திருந்தேன்.

ஒரு நாள் போனது. மூன்று நாள் போனது. அனுப்பிய செய்திகளையெல்லாம் படிக்கிறார், பதில் இல்லை. நான்காம் நாள் கூப்பிட்டேன். ஏதோ ஆபீசில் இருந்தார் போல, குரலைத் தாழ்த்திப் பேசினார். அதற்குள் கூலிம் அம்மா வேறு இடத்தில் அண்டா வாங்கிவிட்டார். ஏலம் கேட்கிறவர் இதற்கு முன் எதையாவது வாங்கியிருக்கிறாரா என்று அவருடைய பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் ஏலத்திலிருந்து தூக்கிவிடுங்கள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அலோர் ஸ்டார்க்காரர் போனில் சொன்னது இதுதான்: "எவ்ளோ வரைக்கும் போவுதுன்னு பாக்கத்தான் சும்மா அழுத்துனேன். நீங்க ஏன் அத சீரியஸா எடுத்துக்கிறீங்க?"

உடையும் பொருள்

பீங்கான் ஜாடி ஒன்று. பெட்டியில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் சிவப்பு மையால் 'உடையும் பொருள்' என்று எழுதி, பீடோங்கில் இருக்கிற கூரியர் கடைக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் நம்மவர்தான், ஐம்பது வயசு இருக்கும். எடை போட்டார், ஒட்ட வேண்டியதை ஒட்டினார், திரும்பிக்கூடப் பார்க்காமல் பெட்டியைப் பின்பக்கம் தூக்கி எறிந்தார். உள்ளே ஜாடி என்ன ஆனது என்பது நான் நின்ற இடத்துக்கே கேட்டது. "அண்ணே, மூணு மொழியில எழுதியிருக்கேனே, பாக்கலியா?" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பாத்தேம்மா. அதனாலதான் மெதுவா வீசுனேன்."

போனது ஒன்று, வந்தது ஒன்று

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

பீடோங்கில் ஒரு சீனர் தன் ஸ்டூடியோவை மூடியபோது பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைத்தான் தேடுகிறார்கள். ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பிலிம் வாங்கிப் போட்டு, சூசையையும் எங்கள் தெரு பூனையையும் முப்பத்தாறு படம் எடுத்துக் கழுவிப் பார்த்தேன். எல்லாப் படமும் தெளிவாக இருந்தது. ஷா ஆலாமில் ஒருத்தர் ஏலத்தில் எடுத்தார். உடனே பணம் கட்டினார், நன்றி சொன்னார். இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஆறாம் நாள் கேமரா திரும்பி வந்தது. பட்டன் அழுத்தினால் வேலை செய்யவில்லையாம்.

பெட்டியைத் திறந்தேன். தோளில் மாட்டுகிற வார் என்னுடையது. கேமரா என்னுடையது இல்லை. அதே கம்பெனி, அதே மாடல், ஆனால் என்னுடையதில் லென்ஸுக்குப் பக்கத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல் இருந்தது, இதில் இல்லை. தன்னிடம் இருந்த செத்த கேமராவை என் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, என்னுடையதை வைத்துக்கொண்டார். தளத்துக்காரர்களிடம் மூன்று நாள் மல்லுக்கு நின்றேன். "உங்கள் கேமராவின் அடியில் இருந்த எண்ணைப் படம் எடுத்தீர்களா?" என்று கேட்டார்கள். எடுக்கவில்லை. கீறலையும் எடுக்கவில்லை, பொருள் அழகாகத் தெரியட்டும் என்று அந்தப் பக்கத்தை மறைத்துத்தான் எடுத்திருந்தேன். அந்தத் தப்புக்கு என்னையே நான் திட்டிக்கொண்டேன். பணம் அவருக்கே திரும்பிப் போனது. நம்பர், கீறல், கறை எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெட்டிக்குள் வைப்பதிலிருந்து டேப் ஒட்டுவது வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

கடைசியாக அந்த ஆளையே கூப்பிட்டேன். திட்டுவதற்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் அத்தனை மரியாதையாகச் சொன்னார்: "அக்கா, நீங்க கேமரா அனுப்புனீங்க. கேமரா திரும்ப வந்திருச்சு. அப்புறம் என்னக்கா பிரச்சன?"

பக்கத்து வீட்டு உதவி

பக்கத்து வீட்டு லெட்சுமியக்கா தன்னுடைய குத்துவிளக்கை விற்றுத் தரச் சொன்னார். போட்டேன். விலை கொஞ்ச தூரம் ஏறி நின்றுவிட்டது. கடைசி நாளன்று புதிதாக ஒரு பெயர் வந்து, உண்மையாகக் கேட்டுக்கொண்டிருந்த தைப்பிங் டாக்டரை விலை ஏற்றி ஏற்றி விரட்டிவிட்டது. அந்தப் பெயரே ஜெயித்தது. முகவரியைப் பார்த்தால் எங்கள் தெரு. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்.

விலையை ஏற்றிவிட லெட்சுமியக்காதான் தன் மகனை ஏலம் கேட்க வைத்திருக்கிறார். அவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஆள் வைத்து விலை ஏற்றினேன் என்று தளம் என் கடையை ஒரு மாசம் பூட்டியது. நான் செய்யாத திருட்டுக்கு நான் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் பொருளை ஏலம் போடும்போது, அந்த வீட்டில் யாரும் கைப்பேசியைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அக்கா ஒரு தட்டு முறுக்கோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எம் மவன்தானம்மா ஜெயிச்சான், வெளியாளா ஜெயிச்சான்? இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கியே."

தையல் மிசின்

செர்டாங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், அம்மா இறந்துபோய் வீட்டை நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒருவர் கால் மிதி தையல் மிசின் ஒன்றை விற்றார். நல்ல மிசின். டிராயரில் கொக்கிகள், பொத்தான்கள், யாரோ ஒரு பிள்ளையின் ஜாக்கெட் அளவு எழுதிய துண்டுக் காகிதம். எல்லாவற்றையும் உள்ளபடியே படம் எடுத்துப் போட்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் செல்வி, பிறையில் தொழிற்சாலை வேலை.

"அந்த மிசின் ஒங்களுக்கு எப்படிக்கா கெடச்சது?"

திருட்டுப் பட்டம் கட்ட வருகிறாள் என்று எனக்குக் கோபம். "வேணும்னா மத்தவங்க மாதிரி ஏலத்துல கேளும்மா" என்றேன். "எங்கம்மா மிசினுக்கு நானே ஏலம் கேக்கணுமாக்கா?" என்றாள். லீவு கிடைத்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று, எனக்கு விற்ற அந்த அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தாளாம். அவனோ, மிசினைக் கரையான் அரித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

ஏலத்தைப் பாதியில் நிறுத்தினேன். அதிக விலை கேட்டு முன்னால் நின்ற ஆள் எனக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'ஏமாற்றுக்காரி' என்று எழுதினார். எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை செல்வி புருஷனோடு ஒரு சின்ன லோரியில் வந்தாள். டிராயரைத் திறந்தவள் அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துப் படித்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாங்கிய விலைக்கே கொடுத்தேன். ஆனால் எனக்கு ஆறவில்லை. சொந்தத் தங்கச்சியிடம் இப்படி ஒரு பொய்யா? அந்த ஆளை இப்போதே கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று கைப்பேசியை எடுத்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. எனக்கு இருக்கிறது அந்த ஒரு அண்ணன்தான். கரையான் அரிச்சதாவே இருக்கட்டும்."

இத்தனையும் உங்களிடம் கொட்டித் தீர்த்துவிட்டு, நாளைக் காலையில் ஒரு சுவர்க் கடிகாரத்தை ஏலத்தில் போடப் போகிறேன் என்றால், இந்தத் தொழிலில் என்னைவிடப் பெரிய ஏமாளி யார் என்று நீங்களே சொல்லுங்கள்.