விறகு என்று எழுதிய மேசை

இன்று காலை பட்டறையில் ஒரு பெட்டியைப் பிரித்தேன், பைன் கட்டை வாசம் குப்பென்று வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், கப்பலில் வருகிற மெஷின்களைச் சுற்றி அடித்திருப்பார்களே, அந்த வெளிர் மஞ்சள் கட்டை. கொஞ்சம் டர்பன்டைன், கொஞ்சம் சூடம், கொஞ்சம் எலுமிச்சைத் தோல். எல்லோருக்கும் அது நல்ல வாசம். எனக்கு அது மூக்கில் ஏறினால் முதலில் பசிக்கும், அப்புறம் கோபம் வரும். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன், உட்காருங்கள். பிளாஸ்டிக் நாற்காலிதான். ஊரார் வீட்டுக்கெல்லாம் பழங்கால மரச்சாமான் போட்டுக் கொடுக்கிறவள் வீட்டில் இப்படித்தான் இருக்கும். உங்கள் எதிரே இருக்கிற மேசையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

என் தொழில் வீடு அலங்கரிப்பது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. வேலை முழுக்க திருநின்றவூர், செவ்வாப்பேட்டை பக்கம் புது ஃபிளாட் வாங்குகிறவர்களிடம். கையில் போனோடு வந்து படம் காட்டுவார்கள். ஒருத்தருக்குச் செட்டிநாடு ஸ்டைல் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் நாலு தூண் நிறுத்தச் சொல்வார். இன்னொருத்தருக்கு ஸ்காண்டிநேவியன், அதாவது எல்லாம் வெள்ளை, வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு. ஒரு அம்மாவுக்கு மாட்டுவண்டிச் சக்கரத்தை சீலிங்கில் தொங்கவிட்டு விளக்கு மாட்டிக் கொடுத்தேன். அதற்குக் கீழே உட்கார மாட்டேன் என்று அவங்க மாமியார் இன்றுவரை பால்கனியில்தான் சாப்பிடுகிறார். நிஜமான பழசு கிடைக்காதபோது நானே பழசாக்குவேன். புதுக் கட்டையை சைக்கிள் செயினால் நாலு சாத்து சாத்தி, கெட்டி டீ டிகாஷனை இரண்டு தடவை பூசினால் ஐம்பது வயது கூடிவிடும். தப்புதான். மனசாட்சி கேட்டால் மெஷின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

இப்போது கிராக்கி இண்டஸ்ட்ரியல் ஸ்டைலுக்கு. பூசாத செங்கல் சுவர், இரும்புக் குழாய், பெட்டிக் கட்டையில் மேசை, அலமாரி. கட்டையில் அச்சடித்த எழுத்து இருந்தால் விலை கூட. மேல்நோக்கி அம்புக்குறி, குடை, கண்ணாடிக் கோப்பைப் படம், நாலு இங்கிலீஷ் வார்த்தை. “மேடம், எழுத்து மட்டும் அழியாம பாத்துக்கோங்க” என்று மூன்று தடவை போன் செய்து சொல்வார்கள். அந்த எழுத்தால் அழிந்த ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவர் என் நைனா.

ஆந்திரா எல்லை பக்கத்திலேயே என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவின் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கினவர். நைனா எங்கள் குடும்பத்தில் கம்பெனிக்குள் போன முதல் ஆள். லோடிங் செக்‌ஷன், கான்ட்ராக்ட் லேபர். காக்கிச் சட்டையை அம்மா இஸ்திரி போட்டுக் கொடுக்காமல் நைனா வேலைக்குப் போக மாட்டார், பெட்டி தூக்கப் போகிற மனுஷனுக்கு இஸ்திரி.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஷெட்டையெல்லாம் கழுவுவார்கள். வருஷம் முழுக்கப் பிரித்துப் போட்ட பெட்டிக் கட்டை பின்பக்கம் குவிந்து கிடக்கும். அதை லேபர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கேட்டைத் தாண்ட ஸ்டோர்ஸ் ஆபீசர் கையெழுத்துப் போட்ட ஸ்லிப் வேண்டும். எல்லார் ஸ்லிப்பிலும் அவர் ஒரே வார்த்தைதான் எழுதுவார், விறகு என்று. எல்லோரும் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார்கள். எங்கள் நைனா வைக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ரம்பம் கடன் வாங்கி, கட்டையில் இருந்த ஆணிகளையே பிடுங்கிக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, நாலு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மேசை செய்தார். நான் படிப்பதற்கு. எங்கள் லைன் வீடுகளில் அதுவரை யார் வீட்டிலும் மேசை கிடையாது. கொஞ்சம் ஆடும், ஒரு காலுக்கு அடியில் தீப்பெட்டி வைப்போம். கட்டையைத் திருப்பி எழுத்தை உள்பக்கம் மறைத்திருக்கலாம். நைனா வேண்டுமென்றே எழுத்து வெளியே தெரிகிற மாதிரி அடித்தார்.

“எழுத்த இழைச்சி எடுத்துடுய்யா. கம்பெனி எழுத்து ஊட்டுல எதுக்கு?” என்றாள் அம்மா.

“இங்கிலீசு கீது, அத்த போயி மறைப்பாங்களா? வர்றவன் போறவன் படிச்சிக்கினு போட்டும்” என்றார் நைனா. அவருக்கு இங்கிலீஷ் இருக்கட்டும், தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். சிவப்புக் குடைப் படத்தை ஈரத்துணியால் தினமும் துடைப்பார். ‘ஃபிரஜைல்’ என்று அதில் இருந்ததை நான் பத்தாம் வகுப்பு வரை ஏதோ வெளிநாட்டு ஊர் பெயர் என்று நினைத்திருந்தேன். உடையக்கூடியது என்று அர்த்தம். என் இங்கிலீஷ் லட்சணம் அது.

எனக்குப் பதிமூன்று வயதில் மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். விசேஷத்துக்கு ஆபீசர்களைக் கூப்பிடுவது லேபர்களுக்கு ஒரு பெருமை. வந்தால் பத்து நிமிஷம் இருப்பார்கள், ஒரு கூல்டிரிங்ஸ் குடிப்பார்கள், போட்டோவில் நிற்பார்கள். அந்த போட்டோ சுவரில் பத்து வருஷம் தொங்கும். அந்த மாதம் லோடிங்கில் சில பேரை பர்மனென்ட் செய்வதாகப் பேச்சு. லிஸ்டில் நைனா பெயரும் இருந்தது. அதனால் கையெழுத்துப் போடுகிற ஸ்டோர்ஸ் சாரையே போய்க் கூப்பிட்டார். அவரும் வந்தார். நடு வீட்டில் என் மேசை மேல்தான் சீர்த்தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஸ்டோர்ஸ் சார் வாழைப்பழத் தட்டை ஒரு விரலால் தள்ளினார். மோதிரம் போட்ட விரலை மடக்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“இது நம்ம கம்பெனி கட்டை இல்ல?”

“ஆமா சார். நானே பண்ணேன் சார்.” நைனா சிரித்துக்கொண்டே சொன்னார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துவிட்டார்.

“ஸ்லிப்புல நான் என்ன எழுதிக் குடுத்தேன்?”

“வெறகுன்னு சார்.”

“விறகுன்னு சொல்லி வாங்கிட்டுப் போய் டேபிள் பண்ணா அதுக்குப் பேரு திருட்டு. விறகாக்கிடு. முடிஞ்சுது பிரச்சினை.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது பதிலுக்குப் பேசியிருப்பார்கள். மாமன் சீர்த்தட்டுகளைத் தரையில் இறக்கி வைத்தார். நைனா மேசையை வாசலுக்குத் தூக்கிப்போய் கோடாலியை எடுத்தார். நான் பட்டுப்பாவாடையில், கழுத்தில் மாலையோடு, உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டோர்ஸ் சார் நாலு வெட்டு விழும்வரை நின்று, கையில் இருந்த கூல்டிரிங்ஸைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பைக்கை எடுத்தார். அடுத்த வாரம் வந்த லிஸ்டில் நைனா பெயர் இல்லை. அதற்குப் பிறகு அவர் வேலை செய்த காலம் முழுக்க கான்ட்ராக்ட்தான். தெருவில் சண்டை வந்தால் எதிராளி முதலில் எடுக்கிற வார்த்தை ‘கட்ட திருடன்’.

அம்மா அந்தக் கட்டையில் மூன்று நாள் சமைத்தாள். சோறெல்லாம் பைன் வாசம். நைனா தட்டைத் தொடவில்லை. எனக்கு நல்ல பசி, இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். அந்தச் சோற்றைச் சாப்பிட்டதற்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை என்றால், அந்த ஸ்டோர்ஸ் சாரை எங்கே மன்னிப்பது.

போன தை மாதம் திருநின்றவூரில் ஒரு ஃபிளாட். பையன் ஐ.டி. வேலை, இண்டஸ்ட்ரியல் ஸ்டைலில் டைனிங் டேபிள் கேட்டான். அளவெடுக்கப் போனேன். கூட வந்திருந்த அவன் அப்பா நான் கொண்டுபோன சாம்பிள் கட்டையை வாங்கி, மோதிர விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். அதே ஸ்டோர்ஸ் சார். மனுஷன் இளைத்து, தலை வெளுத்துவிட்டார். விரல் மாறவில்லை.

“எங்க கம்பெனியில இதையெல்லாம் லேபருக்குச் சும்மாவே அள்ளிக் குடுப்போம்மா. எடுத்துட்டுப் போய் கட்டில், டேபிள்னு என்னென்னவோ பண்ணிக்குவாங்க. கெட்டிக்காரங்க” என்றார். பழைய நாளை நினைத்து ஆசையாகச் சொன்னார், கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் நைனா திருடவில்லை என்று அந்த வாயால் வர வேண்டும். கவரப்பேட்டை பக்கம் பழைய கட்டைக் கடைகளில் மூன்று வாரம் அலைந்து, சிவப்புக் குடை போட்ட கட்டையாகப் பொறுக்கினேன். அந்த மேசைக்கு டீ டிகாஷன் பூசவில்லை. எழுத்தெல்லாம் வெளியே தெரிய அடித்தேன். நீளம் மட்டும்தான் கூட, மற்றபடி நைனா செய்ததேதான். ஒரு கால் லேசாக ஆடும்படிகூட விட்டேன்.

பால் காய்ச்சுகிற அன்று காலை கொண்டு போனேன். அந்த அடுக்குமாடியில் எந்தச் சாமான் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் செக்யூரிட்டியிடம் ஸ்லிப் எழுத வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பொருள் என்கிற இடத்தில் விறகு என்று எழுதினேன். ஸ்டோர்ஸ் சார் பட்டு வேட்டியோடு இறங்கி வந்து, வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு காலத்தில் ஒவ்வொரு ஸ்லிப்பையும் தன் கையாலேயே எழுதினவர்.

மேலே ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். மேசையை நடுவில் போட்டோம். ஆளாளுக்கு எழுத்தைத் தடவிப் பார்த்து போட்டோ எடுத்தார்கள். நான் சாக்குப் பையிலிருந்து கோடாலியை எடுத்து மேசை மேல் வைத்தேன், பக்கத்தில் ஸ்லிப்பையும்.

“ஸ்லிப்புல விறகுன்னு இருக்கு சார். உங்க கையெழுத்து. விறகாக்கிடுங்க, முடிஞ்சுது பிரச்சினை.”

அவர் சிரித்தார். “ஏம்மா, விறகுன்னு எழுதிட்டா டேபிள் விறகாயிடுமா? டேபிள் டேபிள்தான்.”

“இத்த அன்னிக்கு எங்க நைனாகிட்ட சொல்லி இருக்கலாமே சார்” என்றேன். நைனா பெயரைச் சொன்னேன், மஞ்சள் நீராட்டைச் சொன்னேன், வாழைப்பழத் தட்டு முதல் கூல்டிரிங்ஸ் வரை அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவர் என் முகத்தையும் கோடாலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எத்தனையோ பேரு வருவாங்க போவாங்க. எனக்கு ஞாபகமில்லையேம்மா.”

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன், இதற்கு மட்டும் இல்லை. எங்கள் வீட்டையே கவிழ்த்த நாள் அந்த ஆளுக்கு ஒரு கூல்டிரிங்ஸ் அளவுக்குக்கூட நிற்கவில்லை. ஸாரி என்று மருமகள்தான் சொன்னாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

ஆட்களைக் கூப்பிட்டு மேசையைத் தூக்கச் சொன்னேன். வாங்கிய அட்வான்ஸை அங்கேயே பையன் போனுக்குத் திருப்பிப் போட்டேன். கீழே செக்யூரிட்டி வெளியே போவதற்கு ஸ்லிப் கேட்டார். பொருள் என்கிற இடத்தில் டேபிள் என்று எழுதினேன். ஸ்டோர்ஸ் சாரை மறுபடி இறக்கிக் கூட்டி வந்தார்கள். இந்த முறை படித்தார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. மேலே இருபது பேர் தரையில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்று வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பெட்டிகளை அடுக்கும் குடோனாகிவிட்டது. ஆயுத பூஜைக்குக் கட்டை கொடுப்பதும் போயிற்று, எல்லாம் ஏலம். லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். மேசை செய்ததைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த அம்மாவும் இல்லை. நைனா இருக்கிறார், என்னோடுதான். மேசையை இதே இடத்தில் இறக்கிவிட்டு அந்த ஸ்லிப்பை அவருக்குப் படித்துக் காட்டினேன். டேபிள், கீழே ஸ்டோர்ஸ் சார் கையெழுத்து. ஒரு தடவையாவது அந்தப் பழைய சிரிப்பைப் பார்த்துவிடலாம் என்று நின்றேன்.

நைனா ஸ்லிப்பைப் பார்க்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சிவப்புக் குடை மேல் துண்டைப் போட்டு மூடினார்.

“உப்புத்தாள் வச்சிகீறியாம்மா? எழுத்த அழிச்சிடு. யாருனா பாத்துட்டா பேஜாரு.”

எவ்வளவோ சொன்னேன். காதில் வாங்கவில்லை. எழுத்து அழியாமல் பார்த்துக்கொள்வதற்குக் காசு வாங்குகிற நான் உப்புத்தாளை எடுத்து, அந்த ஆளைத் திட்டிக்கொண்டே தேய்த்தேன். முதலில் குடை போனது, அப்புறம் அம்பு, கடைசியில் ஃபிரஜைல். வீடு முழுக்கப் பைன் வாசம். ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் நைனா தன் தட்டைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார்.